தேடின இடத்துலயே எலும்பு கிடைக்குதே, அது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

காணாமப் போனவங்க கேஸ் பத்தி எங்க பேச ஆரம்பிச்சாலும் கடைசியில ஒரே இடத்துல தான் வந்து நிக்கும். "அங்க தான் ஏற்கனவே நாய் வச்சு, ஆள் வச்சு தேடியாச்சே, அப்புறம் எப்படி அதே இடத்துல எலும்பு கிடைக்கும், யாரோ பின்னாடி கொண்டு வந்து போட்டிருக்காங்க." இதுக்கு ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதி வச்சிடறேன். உதாரணம் பெரும்பாலும் அமெரிக்கா கேஸ் தான், ஏன்னா அங்க தேடுதல் எப்படி நடந்துச்சுன்னு விவரமா வெளிய வந்திருக்கு.

தேடின பார்க்லயே ஒரு வருஷம் கழிச்சு கிடைச்ச கேஸ்னு சொல்றாங்களே, அது எது?

சாண்ட்ரா லெவி கேஸ். 24 வயசு, வாஷிங்டன்ல ஃபெடரல் சிறைத்துறை ஆபீஸ்ல இன்டர்னா இருந்தாங்க. 2001 மே 1ஆம் தேதியோட ஆள காணோம். அவங்க லேப்டாப்ப பாத்தப்ப அன்னிக்கு ராக் க்ரீக் பார்க் பத்தி தேடியிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அது பார்க்னு பேரு தானே தவிர ஊருக்கு நடுவுல இருக்குற காடு, கிட்டத்தட்ட 1750 ஏக்கர், மேடு பள்ளம் சரிவு எல்லாம் உண்டு. ஜூலை மாசம் போலீஸ் அங்க பெரிய படையோட தேடினாங்க, நாயும் கூட்டிட்டு போனாங்க. ஒண்ணும் கிடைக்கல. அடுத்த வருஷம் 2002 மே 22ஆம் தேதி ஒருத்தர் நாயோட ஆமை தேடிக்கிட்டு அந்தப் பக்கம் சரிவுல இறங்கிப் போனப்ப இலைக்குவியல்ல மண்டை ஓடு கண்ணுல பட்டுது.

அப்போ போலீஸ் ஒழுங்கா தேடலன்னு தானே அர்த்தம்?

ஆமாவும் இல்லையும். மேல இருந்து வந்த உத்தரவு, ரோடு மட்டும் இல்லாம நடைபாதைங்க ஒவ்வொண்ணுத்துலேர்ந்தும் 100 கஜ தூரம் வரைக்கும் தேடணும்னு. கீழ வந்து சேர்றப்ப அது ரோட்டுலேர்ந்து மட்டும் 100 கஜம்னு ஆயிடுச்சு. நடைபாதை விட்டுப் போச்சு. எலும்பு கிடந்தது நடைபாதைய ஒட்டி இறங்குற சரிவுல. தேடுனவங்க கண்ணுல குறை இல்ல, அவங்கள அந்த இடத்துக்கு யாரும் அனுப்பவே இல்ல. ஆனா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு "ராக் க்ரீக் பார்க் தேடியாச்சு"ங்கற ஒரு வரி தான் போய் சேந்துது.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, எனக்கு இது தான் ரொம்ப முக்கியமா படுது. எலும்பு கிடைச்சப்புறம் போலீஸ் அந்த இடத்த சுத்தி வளைச்சு, நாள் கணக்குல சல்லடை போட்டு தேடிட்டு முடிஞ்சுதுன்னு கிளம்பிட்டாங்க. அப்புறம் ஜூன் 6ஆம் தேதி குடும்பத்து சார்பா வந்த பிரைவேட் டிடெக்டிவ்ஸ் போய் பாத்தா, முழங்காலுக்கு கீழ இருக்குற நீள எலும்பு ஒண்ணு கிடைக்குது, முதல்ல கிடைச்ச இடத்துலேர்ந்து ஏறக்குறைய 25 கஜம் தள்ளி. இடம் எதுன்னு உறுதியா தெரிஞ்சு, எதத் தேடறோம்னு தெரிஞ்சு, பயிற்சி எடுத்தவங்க தேடி, அப்பவும் ஒரு பெரிய கால் எலும்பு தப்பிச்சிருக்கு. இடமே தெரியாம தேடுறப்ப எவ்ளோ தப்பும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

ஒரு முழு மனுஷ உடம்பு எப்படிங்க கண்ணுக்குத் தெரியாம போகும்?

முழு உடம்பு எங்க இருக்கு? நம்ம மனசுல இருக்குற படம் சினிமால வர்ற மாதிரி ஒருத்தர் படுத்துக் கிடக்குறது. வெயில் காலத்துல திறந்த வெளியில கிடந்தா சில வாரத்துலயே சதை எல்லாம் போய் எலும்பு தெரிய ஆரம்பிச்சிடும், புழுவும் வெயிலும் மிருகமும் சேந்தா இன்னும் சீக்கிரம். டென்னசி யுனிவர்சிட்டில 1980கள்லேர்ந்தே தானமா வந்த உடல்கள திறந்த வெளியில வச்சு எப்படி மக்குதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க, இந்த விவரத்துல நிறைய அங்கேர்ந்து தான் நமக்குத் தெரிய வந்துது. அப்புறம் இலை உதிர் காலம் ஒண்ணு வந்து போனா மேல ஒரு போர்வை. ரெண்டு மழைக்காலம் போனா பாதி மண்ணுக்குள்ள.

அப்ப தேடுற ஆளு முன்னாடி இருக்குறது உடம்பு இல்ல. இலைக்கு நடுவுல நீட்டிக்கிட்டு இருக்குற ரெண்டு இஞ்ச் குச்சி மாதிரி ஒண்ணு, அவ்ளோதான்.

எலும்பு வெள்ளையா பளிச்சுனு இருக்காதா?

ஸ்கூல் லேப்ல கண்ணாடி பெட்டில இருக்குறது வெள்ளை. வெட்டவெளியில ரொம்ப நாள் வெயில் பட்டதும் வெளுக்கும். காட்டுக்குள்ள நிழல்ல ஈர மண்ணுல கிடந்தது டீ டிகாக்ஷன் கலர்ல இருக்கும், மேல பாசி படிஞ்சா பச்சை. விலா எலும்ப காஞ்ச சுள்ளிகளுக்கு நடுவுல போட்டுட்டு கண்டுபிடிங்கன்னு சொன்னா பக்கத்துல உக்காந்து தேடினாலும் நேரம் ஆகும். கை கால் விரல் எலும்பு எல்லாம் கூழாங்கல் சைஸ். அதனால தான் அனுபவசாலிங்க எலும்ப விட ஷூ, பெல்ட் பக்கிள், ஜிப், பிளாஸ்டிக் இதெல்லாம் தேடு, அதுங்க கலரும் வடிவமும் காட்டோட ஒட்டாதுன்னு சொல்வாங்க.

சரி, இருந்தாலும் எல்லா எலும்பும் ஒரே இடத்துல தானே இருக்கணும்?

அங்க தான் மிருகம் வருது. பெரியவங்க உடம்புல 206 எலும்பு. அமெரிக்கக் காட்டுல கொயோட்டி (ஓநாய் மாதிரி சின்ன மிருகம்), கரடி, தெரு நாய் எல்லாம் இழுத்துட்டுப் போகும். கை கால் தான் முதல்ல பிரிஞ்சு போகும், அத வாயில கவ்விட்டு மறைவான இடமா பாத்து போய் உக்காந்து தின்னும், அதனால அது நம்ம நடக்குற வழியில இருக்காது, புதருக்குள்ள இருக்கும். மண்டை ஓடு உருண்டை, சரிவா இருந்தா மழைத் தண்ணியில தானா உருண்டு கீழ வாய்க்கால் வரைக்கும் போயிடும். எலி மாதிரி கொறிக்கிற ஜென்மங்க மிச்சத்த பாத்துக்கும்.

வரிசையா ஆள் நிறுத்தி ஒரு இஞ்ச் விடாம தேட முடியாதா?

கணக்கு போட்டுப் பாக்கலாம் வாங்க. ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல 6 மீட்டர் இடைவெளி, அதாவது ஒருத்தர் இந்தப் பக்கம் 3 மீட்டர் அந்தப் பக்கம் 3 மீட்டர் பாத்துக்கிட்டே நடக்கணும். ஒரு சதுர கிலோமீட்டர இப்படி முடிக்க மொத்தம் 167 கிலோமீட்டர் நடை. ராக் க்ரீக் பார்க் சுமார் 7 சதுர கிலோமீட்டர், அப்ப ஏறக்குறைய 1180 கிலோமீட்டர். சென்னையிலேர்ந்து கன்னியாகுமரிக்கு நடந்து போய்ட்டு திரும்பி பாதி தூரத்துக்கு மேல வந்தா எவ்ளோவோ அவ்ளோ, அதுவும் ரோட்டுல இல்ல, முள்ளுலயும் சரிவுலயும், ஒவ்வொரு அடியிலயும் கீழ பாத்துக்கிட்டே. அடர்ந்த புதர்ல 3 மீட்டர் தள்ளி இருக்குற எலும்பு தெரியவும் செய்யாது, அதுக்கு இடைவெளிய குறைக்கணும், குறைச்சா நடை ரெட்டிப்பாகும்.

மனுஷன் நடக்குறப்ப தன்னை அறியாமலே சுலபமான வழிய பாத்து ஒதுங்குவான், அதையும் சேத்துக்கோங்க. முள்ளுப்புதர் வந்தா சுத்திட்டு போவான், வரிசையில அந்த இடத்துல ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டையில தான் மிருகம் எலும்ப கொண்டு போய் வச்சிருக்கும். மேப்ல மட்டும் அந்தக் கட்டம் முழுசா பென்சில்ல அடிச்சு "முடிஞ்சது"ன்னு இருக்கும்.

ஒரு தடவை தேடினா எத்தனை சதவீதம் கிடைக்கும்?

தேடுதல்ல ஒரு கணக்கு இருக்கு, இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்க நேவிக்காக பெர்னார்ட் கூப்மன் மாதிரி ஆளுங்க நீர்மூழ்கிக் கப்பல தேட போட்டது. சுருக்கமா சொன்னா, இடம் முழுக்க ஒரு தடவை மூடுற அளவுக்கு உழைப்பு போட்டாலும், நடை கொஞ்சம் முன்ன பின்ன ஆகுறதால சுமார் 63 சதவீதம் தான் கண்டுபிடிக்க வாய்ப்பு. மிச்சம் 37 கையில இல்ல.

பேச்சுக்கு 60னே வச்சுக்கோங்க. தேடுறதுக்கு முன்னாடி "இந்த இடத்துல இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு"ன்னு நினைச்சீங்க. தேடினீங்க, கிடைக்கல. இப்ப அங்க இருக்க வாய்ப்பு எவ்ளோ? பூஜ்யம்னு தான் எல்லாரும் சொல்வாங்க. கணக்குப் போட்டா ஏறக்குறைய 29 சதவீதம்! மூணுல ஒண்ணுக்கு கிட்ட இன்னும் அங்கயே இருக்கு.

ரெண்டாவது தடவை, மூணாவது தடவை தேடினா குறையும், உண்மை தான். ஆனா மூணு டீமும் அதே முள்ளுப்புதர சுத்திட்டுப் போனா மூணு தடவையும் ஒரே தடவை மாதிரி தான்.

கண்ணு முன்னாடி இருந்தாலுமா பாக்க மாட்டாங்க?

எங்க வீட்ல ஒரு தடவை பொண்ணோட கம்மல் திருகாணி விழுந்துடுச்சு. நான், என் மனைவி, அம்மா மூணு பேரும் டார்ச் அடிச்சு ஹால் பூரா தேடி, பெருக்கி, குப்பையக் கூட கொட்டிப் பாத்தோம். மூணு நாள் கழிச்சு மத்தியானம் பாய விரிக்கிறப்ப அது கதவு நிலைய ஒட்டி அப்பாவியா உக்காந்திருக்கு. அந்த இடத்த நான் சத்தியமா பாத்தேன். யாரும் கொண்டு வந்து போடலைங்க. பத்துக்குப் பன்னெண்டு ஹால், ட்யூப்லைட் வெளிச்சம், அதுவே இந்தக் கதி.

ஆராய்ச்சியும் இருக்கு. ஜெரமி வோல்ஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழு 2005ல ஒரு சோதனை பண்ணுச்சு. ஸ்க்ரீன்ல குவிஞ்சிருக்குற பொருள்ல ஒரு குறிப்பிட்ட பொருள் இருக்கா இல்லையான்னு சொல்லணும். பாதிக்குப் பாதி படத்துல அது இருந்தப்ப, ஆளுங்க தவற விட்டது 7 சதவீதம் தான். நூத்துல ஒரு படத்துல மட்டும் வச்சப்ப தவற விட்டது 30 சதவீதம். எப்பயாவது தான் வரும்னு தெரிஞ்சா கண்ணு சீக்கிரமே "இல்ல"ன்னு முடிவு பண்ணிட்டு நகந்துடும். காட்டுல தேடுற தன்னார்வலர் ஆயிரக்கணக்கான குச்சியும் கல்லும் பாத்துட்டாரு, எலும்பு ஒண்ணு கூட இன்னும் பாக்கல, இதுவரைக்கும் நிஜ மனுஷ எலும்ப பாத்ததே இல்லாதவரா கூட இருக்கலாம். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கண்ணு எப்படி வேலை செய்யும்?

அதோட முதல் நாள்கள்ல உயிரோட இருக்குறவங்கள தான் தேடுவாங்க. பேர் சொல்லி கூப்பிட்டு பதில் வருதான்னு காத கொடுத்துக்கிட்டு வேகமா போவாங்க, அது சரியான வேலை தான். ஆனா அப்ப கண்ணு நிமிந்து இருக்கும், காலடிய பாக்காது.

நாய் இருந்துச்சே? நாய்க்குமா தெரியாது?

எல்லா மோப்ப நாயும் ஒண்ணு இல்ல. உயிரோட இருக்குற ஆள் வாசனைய பிடிக்கிற நாய் வேற, செத்த உடம்பு வாசனைக்குன்னு பழக்குன நாய் வேற. முதல் வகை நாய் பிணத்துக்கு முன்னாடி குழம்பி நிக்கலாம், ஒதுங்கிப் போகவும் செய்யலாம். வாசனை காத்துல தான் வரும். பகல்ல சூடேறுனா காத்து மலை மேல ஏறும், ராத்திரி குளுந்தா கீழ இறங்கும், நாய் தப்பான பக்கம் நின்னா பக்கத்துலயே இருந்தாலும் மூக்குக்கு எட்டாது. வெயில்ல நாக்க தொங்கப் போட்டு மூச்சு வாங்குற நாய்க்கு மூக்கு பாதி தான் வேலை செய்யும்.

இதுக்கு மனசு உடையுற உதாரணம் ஒண்ணு. 2013 ஜூலைல மெய்ன் மாநிலத்துல அப்பலாச்சியன் டிரெயில்ங்கற நீளமான மலைநடைப் பாதையில 66 வயசு அம்மா ஒருத்தங்க, டாய்லெட் போக வழிய விட்டு ஒதுங்கினவங்களுக்கு திரும்பி வர வழி தெரியல. கணவருக்கு அனுப்புன மெசேஜ் சிக்னல் இல்லாம போய் சேரல. கூடாரம் போட்டு காத்திருந்தாங்க. கையில இருந்த டைரிய பாத்தா வாரக் கணக்குல உயிரோட இருந்திருக்காங்க. பெரிய தேடுதல். நாய்கள் அவங்க இருந்த இடத்துக்கு 100 கஜ தூரம் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது. 2015 அக்டோபர்ல தான், நேவி பயிற்சி நிலத்துல வேற வேலையா வந்த ஒருத்தர் கண்ணுல அந்தச் சரிஞ்சு கிடந்த கூடாரம் பட்டுது. எலும்பக் கூட விடுங்க, ஒரு கூடாரமே தப்பிடுச்சு.

இப்ப தான் ட்ரோன், ஹெலிகாப்டர், சாட்டிலைட் எல்லாம் இருக்கே?

வெப்பத்த பாக்குற கேமரா உயிரோட இருக்குறவங்களுக்கு நல்லது. உடம்பு ஆறிப் போனா சுத்தியிருக்குற மண்ணும் அதுவும் ஒண்ணு தான். மர உச்சி மூடியிருந்தா எந்தக் கேமராவும் கீழ பாக்காது.

ஸ்டீவ் ஃபாசெட்ட எடுத்துக்கோங்க, பலூன்ல தனியா உலகத்த சுத்தி வந்த கோடீஸ்வரர். 2007 செப்டம்பர் 3ஆம் தேதி நெவாடால சின்ன விமானத்துல கிளம்பினாரு, வரல. பணத்துக்கும் விமானத்துக்கும் குறைவே இல்லாத தேடுதல், சாட்டிலைட் படத்த இன்டர்நெட்ல போட்டு ஆயிரக்கணக்கான பேர் உக்காந்து பாத்தாங்க. அவர தேடப் போய் பழைய காலத்துல விழுந்த வேற விமானங்களோட சிதைவெல்லாம் கிடைச்சுது, அவரோடது கிடைக்கல. ஒரு வருஷம் கழிச்சு கலிஃபோர்னியால மம்மத் லேக்ஸ் பக்கம் மலையேறப் போன ஒருத்தருக்கு அவரோட அடையாள அட்டையும் கொஞ்சம் பணமும் தரையில கிடைச்சுது, அத வச்சு தான் விமானத்தயும் கொஞ்ச தூரம் தள்ளி எலும்பையும் கண்டுபிடிச்சாங்க. முதல் தேடுதல்லயே அந்த இடத்துக்கு மேல 19 தடவை பறந்திருக்காங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது, அங்க விழுந்திருப்பாருன்னு யாரும் பெருசா நினைக்கல. இது எலும்பு இல்ல, விமானம்.

தண்ணி, மழை இதெல்லாம் எப்படி பாதிக்கும்?

2008ல ஃப்ளோரிடா ஒர்லாண்டோல ஒரு குழந்தை காணாமப் போன கேஸ், நாடே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்குப் பக்கத்துல இருந்த புதர்க்காடு ஆகஸ்ட்ல புயல் மழையில முங்கிக் கிடந்துச்சு. டிசம்பர்ல தண்ணி வத்தினப்புறம், மீட்டர் ரீடிங் எடுக்குற ஒருத்தர் எலும்ப பாத்து சொன்னாரு. அதே ஆளு ஆகஸ்ட்லயே அந்த இடத்த பத்தி போன் பண்ணி சொன்னவரு தான், அப்ப கிடைக்கல. அதே மாதிரி ஜூலைல புதர் இடுப்பு உயரம், டிசம்பர்ல காஞ்சு தரை தெரியும். ஒரே இடத்த வேற சீசன்ல தேடுறது வேற இடத்த தேடுற மாதிரி.

தேடுற இடமே தப்பா இருந்தா?

அது தான் நிறைய கேஸ்ல நடக்குது. டெத் வேலி பாலைவனத்துல 1996ல நாலு ஜெர்மன் டூரிஸ்ட் காணாமப் போனாங்க, டயர் போன வேன் மட்டும் அக்டோபர்ல கிடைச்சுது. பெரிய தேடுதல் நடந்துச்சு, ஒண்ணும் இல்ல. 2009ல ரெண்டு பேர் "நம்மள மாதிரி யோசிக்காத, அவங்கள மாதிரி யோசி"ன்னு உக்காந்து, தெற்குல ராணுவ இடம் இருக்குன்னு மேப்ல போட்டிருக்கு, ஐரோப்பாவுல ராணுவ எல்லைன்னா காவல் இருக்கும், உதவி கிடைக்கும்னு நம்பி அந்தப் பக்கம் நடந்திருப்பாங்கன்னு கணக்குப் போட்டாங்க. அந்தப் பக்கம் போய் எலும்ப கண்டுபிடிச்சாங்க. உள்ளூர் ஆளுக்கு அங்க வெறும் பாலைவனம் தான்னு தெரியும், அதனால யாரும் அந்தப் பக்கம் பெருசா போகல.

ஏர் பிரான்ஸ் 447 விமானமும் இதே கதை தான், 2009 ஜூன் 1ல 228 பேரோட அட்லாண்டிக்ல விழுந்துது. கருப்புப் பெட்டியோட சிக்னல் கேக்குதான்னு கப்பல் போய் பாத்த இடத்த "அங்க இல்ல"ன்னு ஒதுக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, சிக்னல் கருவியே வேலை செய்யாம போயிருந்தாங்கற கேள்விய கணக்குல சேத்ததும் ஒதுக்குன இடம் மறுபடி மேல வந்துது. 2011 ஏப்ரல்ல அங்கயே கிடைச்சுது.

அப்போ யாரோ பின்னாடி கொண்டு வந்து போட்டாங்கன்னு சொல்லவே கூடாதா?

சொல்லலாம், ஆனா தேடுனப்ப கிடைக்கலங்கறது அதுக்கு ஆதாரம் இல்ல. தரைய கேக்கணும். விலா எலும்புக்கு நடுவுல செடி வேர் பூந்து வளந்திருக்கா, எத்தனை அடுக்கு இலை மேல இருக்கு, உடம்பு மக்குன கசிவு கீழ மண்ணுல கறையா ஊறியிருக்கா, ஈ புழுவோட கூட்டு ஓடுங்க அந்த மண்ணுலயே கிடக்கா. இதெல்லாம் இருந்தா அங்கயே தான் மக்கியிருக்கு. சுத்தமான எலும்பு, கீழ புல்லு பச்சையா, கறையே இல்லன்னா அப்ப சந்தேகப்படுங்க, நானும் கூட சேந்து சந்தேகப்படறேன்.

எப்பவுமே நாய் கூட்டிட்டுப் போறவரு, வேட்டைக்காரரு கண்ணுல தான் படுது, ஏன்?

அவங்க வழியில நடக்க மாட்டாங்க. ஆமை தேடுறவரு ஆமை இருக்குற இடத்துக்குப் போவாரு, தேடுதல் மேப்ப பாத்துப் போக மாட்டாரு. எண்ணிக்கையும் இருக்கு, போலீஸ் தேடுனது சில நாள், மத்தவங்க நடக்குறது வருஷம் பூரா.

நம்ம வீட்டுல யாராவது காணாமப் போனா தேடுறவங்க கிட்ட என்ன கேக்கணும்?

"அந்த இடம் பாத்தாச்சு"ன்னு சொன்னா அதோட விடாதீங்க. சண்டை போடாம நிதானமா கேளுங்க: எந்த மாசத்துல, எத்தனை பேர், எவ்ளோ இடைவெளியில, எந்த வகை நாய், உயிரோட இருக்காங்கன்னு நினைச்சு தேடுனதா இல்ல எலும்புக்காக தேடுனதா. நடந்த ஜிபிஎஸ் கோட்ட காட்டச் சொல்லுங்க, கோடு போகாத வெள்ளைத் திட்டு கண்ணுலயே தெரியும். உத்தரவ எழுத்துல பாக்க முடிஞ்சா ரொம்ப நல்லது, வாஷிங்டன்ல விட்டுப் போனது அந்த ஒரு வரி தான்.

நானே எங்கயாவது எலும்பு மாதிரி பாத்துட்டா?

பெரும்பாலும் ஆடு மாடு நாயோடதா தான் இருக்கும், அத நீங்க முடிவு பண்ண வேணாம். கையில எடுக்காதீங்க, குச்சியால கூட கிளறாதீங்க, பக்கத்துல செருப்பையோ சாவியையோ வச்சு சைஸ் தெரியுற மாதிரி ஒரு போட்டோ, கொஞ்சம் தள்ளி நின்னு சுத்துப்புறம் தெரிய ரெண்டு போட்டோ. போன்ல லொகேஷன சேவ் பண்ணிக்கோங்க, ஏன்னா ஆள கூட்டிட்டு திரும்பி வந்தா உங்களுக்கே அந்த இடம் தெரியாது, இது நிஜமா நடக்குற விஷயம். வந்த காலடி வழியாவே திரும்பிப் போய் 112க்கு போன் பண்ணுங்க.